டேப்லெட்டும் ஜெராக்ஸ் கட்டும்: சில வருட அனுபவம்

வரலாற்றில் முதுகலை சேர்ந்தபோது வாங்கிய பத்து அங்குல டேப்லெட்தான் இப்போது முனைவர் பட்ட ஆய்வுக்கும் கைகொடுக்கிறது. தேட வேண்டியதைத் திரையில் தேடுகிறேன். ஊன்றிப் படிக்க வேண்டியதை அச்செடுத்துவிடுகிறேன்.

தேடுவதில் டேப்லெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் மற்ற பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அத்தியாயம் அத்தியாயமாகப் பிடிஎஃப்பில் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருப்பதால், ஒரு பழைய நூலின் அடிக்குறிப்பைச் சரிபார்க்கச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

ஆனால் தமிழ்க் கோப்புகளில் ஒரு பெரிய சிக்கல். ஸ்கேன் செய்த பக்கங்கள் பெரும்பாலும் வெறும் படங்கள். ‘இனாம்’ என்று தேடினால் ஒன்றும் வராது. தட்டச்சு செய்த கோப்பு என்றாலும், பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் இருந்தால் அதே கதைதான். பார்க்கத் தமிழாகத் தெரியும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. இன்றும் எனக்குப் பழைய எழுத்துருவில் கோப்புகள் வருகின்றன. ஆங்கிலக் கட்டுரைக்குக் கிடைக்கும் வசதியில் பாதிகூடத் தமிழுக்குக் கிடைக்காதது நிஜமாகவே வருத்தம்.

அப்புறம், படிப்பது. முப்பது பக்கக் கட்டுரையைத் திரையில் படித்தால் வரிகள் புரிகின்றன. எட்டாம் பக்கத்தில் சொன்னதை ஆசிரியர் இருபதாம் பக்கத்தில் நைசாக மாற்றிக்கொள்வது பிடிபடுவதில்லை. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டால், ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு இன்னொன்றைப் புரட்டலாம். ஓரத்தில் பென்சிலால் எழுதிய கேள்வி அடுத்த முறை தானாகக் கண்ணில் படும். டேப்லெட்டில் மஞ்சள் பூசிய வரியை நாமாகத் தேடிப் போனால்தான் உண்டு.

டெல்காடோ என்ற ஆய்வாளரின் குழுவினர், தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதுதான். தகவல் சார்ந்த எழுத்தைத் தாளில் படித்தவர்களுக்கே புரிதல் கூடுதல். நேர நெருக்கடியில் வித்தியாசம் இன்னும் அதிகம். கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. நானும் நாவல்களைக் கிண்டிலில்தான் படிக்கிறேன், எந்தக் குறையும் இல்லை.

புதிதாக வாங்குபவர்கள் ஆறு அங்குலக் கருவியை நம்பி ஆய்வுக் கட்டுரைப் பிடிஎஃப்பில் இறங்க வேண்டாம். எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். பத்து அங்குலத்துக்குக் குறையாமல் சாதாரண டேப்லெட் ஒன்று போதும். மிச்சப் பணத்தை ஜெராக்ஸுக்கு ஒதுக்குங்கள்.