வெரிகோஸ் வெயின்: லேசரா, ரேடியோ அலையா, ஊசியா?

காலில் நாளம் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் வெயினுக்கு லேசர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிகிச்சைகள் நடக்கின்றன. ஒன்று தோலுக்கு மேலிருந்து ஒளி பாய்ச்சுவது. மற்றொன்று நாளத்துக்குள் மெல்லிய ஃபைபரை நுழைத்து உள்ளிருந்தே சுடுவது. 3 மி.மீ.க்கு மேல் புடைத்துச் சுருண்ட நாளத்துக்கு முதல் வகை உதவாது.

எதைச் செய்வதற்கும் முன் நிற்கவைத்து, ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். ரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கி வழிந்தால் நாளத்தின் வால்வு பழுது என்று பொருள். இப்படிப் பழுதாகிப் புடைப்புக்கு மூலமாக இருக்கும் நாளத்தை (மூல நாளம்) அடைப்பதில் உள் லேசரும், உள்ளிருந்தே சுடும் ரேடியோ அலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு செய்பவரின் கையில் இருக்கிறது. ரேடியோ கருவி 7 செ.மீ. துண்டை 120 டிகிரி செல்சியஸில் 20 விநாடி சுட்டுவிட்டுத் தானே நிற்கும். லேசரிலோ ஃபைபரை இழுக்கும் வேகமே சூட்டைத் தீர்மானிக்கிறது. அவசரப்பட்டால் நாளம் மறுபடி திறந்துகொள்ளும். தாமதித்தால் சுவர் துளைபட்டுக் கன்றிப்போய் வலிக்கும். பழைய 810, 980 நானோமீட்டர் அலைநீள வெற்றுமுனை ஃபைபர்களில் இந்தத் தொல்லை அதிகம். சுற்றிலும் ஒளி பரப்பும் ரேடியல் ஃபைபரோடு 1470 நானோமீட்டர் என்றால் தயங்காமல் லேசருக்குப் போகலாம்.

இரண்டிலும் கஞ்சத்தனம் கூடாத இடம் ஒன்று உண்டு: நாளத்தைச் சுற்றிச் செலுத்தும் மரப்பு மருந்து கலந்த உப்புநீர். நாளத்தை ஃபைபரோடு அழுத்திப் பிடிப்பதும், தோலையும் நரம்பையும் சூட்டிலிருந்து காப்பதும் அதுதான். முழங்காலுக்குக் கீழே அது போதாமல் போனால் மரமரப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஃபைபர் முனை, நாளம் ஆழ்நாளத்தோடு சேரும் தொடை இடுக்குச் சந்திப்பிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும். நெருங்கினால் ரத்தக்கட்டி ஆழ்நாளத்துக்குள் நீளும் அபாயம்.

நெளிந்த கிளைகளில் ஃபைபர் ஏறாது. அங்கே நுரை ஊசி: நாளத்தை மூடவைக்கும் பாலிடோகனால் மருந்து ஒரு பங்குடன் நான்கு பங்கு காற்று. தடித்த மூல நாளத்தில் இதையே நம்பினால் மீண்டும் திறக்கும் வாய்ப்பு கூடுதல்.

1 மி.மீ.க்குக் குறைவான, சிலந்திவலை போன்ற ஸ்பைடர் வெயினுக்கு, காலைப் பொறுத்தவரை ஊசியே முதல் தேர்வு. ஊசி நுழையாத அளவு மெல்லிய செந்நிறக் கோடுகளுக்கு மட்டும் தோலுக்கு மேலிருந்து பாய்ச்சும் லேசர். மாநிறம், கருநிறத் தோலில் 1064 நானோமீட்டர் ஓரளவு பாதுகாப்பானது. 532 தோலின் நிறமியையே சுட்டுத் தழும்பாக்கும். அடியிலிருந்து ரத்தம் ஊட்டும் நீல நாளத்தை விட்டுவிட்டு மேற்கோடுகளை மட்டும் அழித்தால் அவை திரும்பி வரும்.

கர்ப்பிணிகளுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். பிரசவம் முடிந்த சில மாதங்களில் பல கோடுகள் தாமே வடிந்துவிடும். அதுவரை அழுத்தக் காலுறை போதும்.