கதவுதான் பெட்டி: கார் சவுண்ட் சிஸ்டத்தை மாற்றி மூன்றரை ஆண்டுகள் ஓட்டிய அனுபவம்

கிருஷ்ணகிரியில் வீடு, ஓசூரில் வேலை. போக 50, வர 50 என்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓட்டுகிற எனக்கு, வீட்டுக் கூடத்தில் உட்காரும் நேரத்தைவிடக் காருக்குள் கழியும் நேரம் அதிகம். சிறிய ஹேட்ச்பேக் கார். ஹெட் யூனிட்டும் (டேஷ்போர்டில் இருக்கும் பிளேயர்) நான்கு கதவு ஸ்பீக்கர்களும் வாங்கும்போதே இருந்தன. 2022-இன் தொடக்கத்தில் அந்தச் சவுண்ட் சிஸ்டத்தில் கைவைத்தேன். அதன்பின் 80,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. புதிதாக மாட்டிய வாரத்திலேயே எழுதியிருந்தால் இது வெறும் புகழுரையாக முடிந்திருக்கும். நான்கு கோடையும் மூன்று ஐப்பசி மழையும் பார்த்துவிட்டதால், எந்தப் பணம் வேலை செய்தது, எந்தப் பணம் வீணானது என்று இப்போது ஓரளவு துணிந்து சொல்ல முடிகிறது.

பழைய செட்டின் குறை ஊருக்குள் தெரியாது. ராயக்கோட்டை சாலை மேம்பாலத்தைக் கடந்து, வேகம் 80-ஐத் தொட்டதும்தான் தெரியும். டயர் இரைச்சலும் பக்கத்தில் போகும் லாரியின் உறுமலும் கீழ்ச்சுருதி ஒலிகளை முதலில் விழுங்கிவிடும். அதை ஈடுகட்ட ஒலியைக் கூட்டினால் பாடகரின் குரல் கிழியும். எனக்கு நாதஸ்வரக் கச்சேரிப் பதிவுகள் கேட்கும் பழக்கம் உண்டு. தவிலின் வலப்பக்கமான வலந்தலையில் விரல்கூடுகள் விழும் ஓசையாவது கேட்கும், கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் இடப்பக்கமான தொப்பியில் குச்சி விழும் அடி அறவே கேட்காது. தவில்காரருக்கு ஒரு கைதான் இருக்கிறதோ என்று எண்ண வைக்கும் செட் அது. அதன்பின் நான் மாற்றிய ஒவ்வொன்றையும் அந்தத் தொப்பியடியை வைத்துத்தான் சோதித்தேன்.

ஹெட் யூனிட்டின் பெட்டியில் '50 வாட் × 4' என்று அச்சிட்டிருப்பதை நம்பி, சக்தி போதும், ஸ்பீக்கர்தான் மட்டம் என்று முடிவு கட்டினேன். அந்த 50 வாட் என்பது கணநேர உச்சம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை ஒட்டித்தான் இருக்கும். அந்த அழுத்தத்தை அப்படியே 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கொடுத்தாலும், ஒலி சிதையாமல் தொடர்ந்து கிடைப்பது கணக்குப்படி 26 வாட்டைத் தாண்டாது, நடைமுறையில் 20 வாட்டை ஒட்டியே நிற்கும். கடையில் எந்தப் பெட்டியை எடுத்தாலும் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்கும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

முதல் செலவு 8,500 ரூபாய். முன்கதவுகளுக்கு ஆறரை அங்குல கம்போனென்ட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி வாங்கினேன். உச்சஸ்தாயிக்கான ட்வீட்டர் தனியாகவும் கீழ்ச்சுருதிக்கான வூஃபர் தனியாகவும் இருக்கும்; இடையில் ஒரு கிராஸ்ஓவர் பெட்டி அதிர்வெண்களைப் பிரித்துக் கொடுக்கும். மாட்டி முடித்துக் கேட்டபோது உச்சஸ்தாயி பளிச்சென்று திறந்தது உண்மைதான். ஆனால் பாஸ் (கீழ்ச்சுருதி ஒலி), கழற்றி வைத்த பழைய காகிதக் கோன் ஸ்பீக்கரைவிடவும் குறைந்திருந்தது. மாட்டிக் கொடுத்த கடைக்காரர், "ஓட ஓட செட் ஆயிடும் சார், ஒரு மாசம் பாருங்க" என்றார். ஒரு மாதம் பார்த்தேன். என் காதுதான் பழகியதே தவிர, ஸ்பீக்கர் அப்படியே இருந்தது.

காவேரிப்பட்டினத்தில், ஒரு காலத்தில் வால்வு ரேடியோ பழுது பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது பேச்சோடு பேச்சாக அவரிடம் இதைச் சொன்னேன். காரில் ஏறி உட்கார்ந்தவர் ஒலியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இட, வல ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பங்கிடும் பேலன்ஸை முழுவதும் வலப்பக்கம் தள்ளினார், பாஸ் வந்தது. முழுவதும் இடப்பக்கம் தள்ளினார்; அப்போதும் வந்தது. நடுவில் கொண்டுவந்ததும் காணாமல் போனது. "தம்பி, டார்ச் லைட்டு செல்லு ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். கதவுப் பலகையைக் கழற்றி, ஸ்பீக்கருக்குப் போகும் வயர்களை உருவி, 1.5 வோல்ட் செல்லின் இரு முனைகளிலும் அவற்றின் நுனிகளை ஒரு நொடி தொட்டார். வலக்கதவின் கோன் 'டப்' என்று முன்னே வந்தது. இடக்கதவில் அதே நிற வயர்களை அதே முனைகளில் தொட்டபோது கோன் உள்ளே போனது. "ஒண்ணு தள்ளுது, ஒண்ணு இழுக்குது. ரெண்டும் சேந்தா மிச்சம் என்ன?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இடக்கதவில் பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் மற்றது இழுத்தால், நீண்ட அலைகளான கீழ்ச்சுருதி ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். உச்சஸ்தாயி மட்டும் பெரிய சேதமில்லாமல் தப்பிக்கும். புது ஸ்பீக்கர் மாட்டி பாஸ் குறைந்ததாக உணர்பவர்கள், வேறு எதையும் வாங்குவதற்கு முன் இந்த பேலன்ஸ் சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. அரை நிமிட வேலை.

துருவத்தைச் சரிசெய்த பிறகும் தொப்பியடி 'தொம்' என்று விழாமல் 'தட்' என்றுதான் விழுந்தது. காரணம் கதவு. வீட்டு ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி உண்டு; கார்க் கதவில் மாட்டிய ஸ்பீக்கருக்கு அந்தக் கதவேதான் பெட்டி. அதுவோ மெல்லிய தகடு, உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள், அவற்றை மூட ஒரு பிளாஸ்டிக் தாள். கோனின் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் தள்ளும் காற்றும் அந்தத் துளைகள் வழியே கலந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. மிச்சமிருக்கும் சக்தியில் ஒரு பகுதி தகட்டை அதிர வைப்பதிலேயே போய்விடுகிறது. இதற்கான மருந்து, தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் டாம்பிங் ஷீட். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்து நானே ஒட்டினேன். உள்ளே படிந்திருந்த மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள வெளித்தகட்டில் முதலில் ஒட்டி, உருளையால் அழுத்தி, பிறகு உள்தகட்டின் துளைகளை மூடினேன். பூட்டுக் கம்பியையும் கண்ணாடி இறங்கும் வழியையும் தடுக்காமல் ஒட்டுவதில்தான் நேரம் போனது. கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளை எக்காரணம் கொண்டும் மூடக்கூடாது. மழைத் தண்ணீர் கண்ணாடி ரப்பரின் ஓரமாகக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற அந்த ஓட்டைகளை விட்டால் வேறு வழி இல்லை.

மாலை கதவைச் சாத்தியபோதே வித்தியாசம் கேட்டது. காலியான எண்ணெய் டின்னைத் தட்டியதுபோல இருந்த ஓசை, அரிசி மூட்டையை இறக்கி வைத்ததுபோல மாறியிருந்தது. அதே ஸ்பீக்கர், அதே ஹெட் யூனிட். மறுநாள் காலை சூளகிரி ஏற்றத்தில், தவிலின் இரண்டு கைகளும் முதன்முறையாகத் தனித்தனியே கேட்டன. இந்த மூன்றரை ஆண்டுகளில் செய்த செலவுகளில், ரூபாய்க்கு ரூபாய் அதிகம் திருப்பித் தந்தது இதுதான். முன்கதவு இரண்டுக்கும் ஆன செலவு 4,200 ரூபாய்.

ஷீட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டியதைத்தான் வாங்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பின்கதவுகளுக்குத் தார் கலந்த ஷீட்டை வாங்கினேன். சித்திரை வெயிலில் ஓசூர் வாகன நிறுத்தத்தில் பகல் முழுவதும் நின்ற காரைத் திறந்தால், ரோடு போடுகிற இடத்தில் நிற்பதுபோன்ற வாடை வந்தது. இரண்டாவது கோடையில் ஷீட் இளகிக் கீழே சரிந்தும் விட்டது. அதைச் சுரண்டி எடுக்க ஆன கூலி, அதில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகம்.

மழையும் தன் பங்குக்கு ஒரு பாடம் நடத்தியது. புது ஸ்பீக்கரின் காந்தம் ஆழமானது. நேராக மாட்டினால் இறங்கும் கண்ணாடி அதில் இடிக்கும் என்பதால், இடையில் எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் அறுத்த வளையம் வைத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, குரல்களில் ஒரு கரகரப்பு சேர்ந்தது. திறந்து பார்த்தால், அந்த வளையம் தண்ணீரில் நனைந்த ரஸ்க்போல உப்பி, திருகாணிகள் பிடிப்பு இழந்திருந்தன. இப்போது இருப்பவை கெட்டி பிளாஸ்டிக் வளையங்கள். இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கின்றன.

இதற்குப் பிறகுதான் ஆம்ப்ளிஃபயர் வாங்கினேன். இந்த ஒன்றாவது சரியான வரிசையில் நடந்தது. ஒரு சானலுக்கு 50 வாட் ஆர்.எம்.எஸ். தரும் நான்கு சானல் ஆம்ப், விலை 11,000 ரூபாய். வாட் இரட்டிப்பானால் ஒலி இரட்டிப்பாகும் என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம். இரட்டிப்புச் சக்திக்கு 3 டெசிபல்தான் கூடும், காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும். ஆம்ப் உண்மையில் கொடுத்தது நிதானம். நெடுஞ்சாலை இரைச்சலுக்கு மேலே குரல் கிழியாமல் நிற்கிறது. காரின் ஒயரிங்கை எங்கும் வெட்டாமல், கப்ளர் (செருகி இணைக்கும் முனை) மூலமாகவே இணைப்பு எடுக்கச் சொன்னேன். வாரண்டி காலத்தில் ஒயரை வெட்டினால் பிறகு எந்த மின் கோளாறுக்கும் நம்மையே கைகாட்டுவார்கள்.

மாட்டியவர் பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரின் ஃபியூஸை, பார்க்க வசதி என்று சீட்டுக்கு அடியில் ஆம்ப் பக்கத்தில் வைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. அந்த ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். எஞ்சின் பகுதியின் தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால், ஆம்ப் பக்கம் இருக்கும் ஃபியூஸால் ஒரு பயனும் இல்லை, ஒயர் எரியும். எர்த் இணைப்பை நான் கவனிக்கவில்லை, அங்கே வினை வந்தது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சுருதி ஏறும் ஒரு கொசுச் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. தொப்பூர்க் கணவாயில் கீழ் கியரில் ஏறும்போது பாட்டோடு போட்டி போடும். எர்த் ஒயரைப் பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள்; அந்த இடத்தைத் தகடு தெரியும்வரை சுரண்டி மறுபடி இறுக்கியதும் கொசு போய்விட்டது.

ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப ஆம்பை அமைக்கும் கெயின் திருகை வால்யூம்போல நினைத்து முழுவதும் திருப்பி வைப்பவர்கள் பலர். அதை மல்டிமீட்டர் வைத்து அமைத்தேன். 50 வாட், 4 ஓம் என்றால் 50 × 4 = 200, அதன் வர்க்கமூலம் 14.1. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, 1,000 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை முக்கால் வால்யூமில் ஓடவிட்டு, ஆம்ப் முனையில் 14 ஏ.சி. வோல்ட்டைத் தாண்டாத இடத்தில் திருகை நிறுத்திவிட வேண்டும். அதன்பின் இன்றுவரை அதைத் தொடவில்லை.

மிகத் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே இருக்கும் சப்வூஃபர் கதையை நீட்ட விரும்பவில்லை. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் சுற்றிய ஒரு சனிக்கிழமை மயக்கத்தில், 12 அங்குலப் பெட்டி ஒன்றை வாங்கி டிக்கியில் வைத்தேன். வைகாசியில் மாமனார் ஊரான சந்தூரிலிருந்து மாம்பழக் கூடைகள் வரத் தொடங்கியதும், பெட்டியா, மாம்பழமா என்ற கேள்விக்கு வீட்டில் விடை சொல்லிவிட்டார்கள். நட்டத்துக்கு விற்றுவிட்டு, சீட்டுக்கு அடியில் அடங்கும் 8 அங்குல ஆக்டிவ் சப் (ஆம்ப் உள்ளேயே இருக்கும் சப்வூஃபர்) மாட்டியிருக்கிறேன். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது பார்த்துக்கொள்கிறது, மேலே உள்ளதைக் கதவுகள். தெருவே அதிரும் பாஸ் வேண்டுபவர்களுக்கு இது போதாது, எனக்குப் போதும்.

பேட்டரி விஷயத்தில் குற்றம் முழுக்க என்னுடையது. ஒகேனக்கல் வாகன நிறுத்தத்தில், குடும்பம் பரிசலில் போயிருந்த ஒரு மணி நேரமும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் ஈரத் துணியோடு திரும்பி வந்து ஏறியபோது சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்ற சத்தம் மட்டும்தான். ஒரு வேன் ஓட்டுநர் ஜம்பர் கேபிள் கொடுத்துக் காப்பாற்றினார். என் காரில் இருப்பது 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, ஆம்ப்பும் சப்பும் சேர்ந்து சராசரியாகப் பத்து ஆம்பியர் இழுத்தாலே ஒரு மணி நேரத்தில் கால்பங்குக்கு மேல் காலியாகிவிடும். ஏற்கனவே இரண்டு வயதான பேட்டரிக்கு அதற்குமேல் தெம்பில்லை.

மொத்தச் செலவு, விற்ற நட்டத்தையும் கூலியையும் சேர்த்து 46,000 ரூபாயைத் தொட்டது. மறுபடி செய்வதாக இருந்தால் டாம்பிங், ஸ்பீக்கர், ஆம்ப் என்ற வரிசையில் 28,000 ரூபாயில் முடித்து, ஆறு மாதம் கேட்ட பிறகே சப் வேண்டுமா என்று யோசிப்பேன். பழைய ஸ்பீக்கர்களைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டிருக்கிறேன். காரை விற்கும்போது அவற்றை மாட்டிவிட்டு இவற்றைக் கழற்றிக்கொள்ளலாம்.

தீராத தொல்லை ஒன்று மிச்சமிருக்கிறது. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து (சுருதிக் குழல்) நீண்டு ஒலிக்கும் பதிவுகளில், ஒரு குறிப்பிட்ட சுருதி வரும்போது மட்டும் டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு 'ஜிர்ர்' கேட்கிறது. கையுறைப் பெட்டியைக் காலி செய்து பார்த்தாயிற்று, ஏசி வென்ட்டில் பஞ்சு செருகியும் பார்த்தாயிற்று. வலது ட்வீட்டரை ஒட்டியிருந்த இரட்டைப்பக்க டேப் போன கோடையில் விட்டுப்போனதால், சந்தேகம் இப்போது அதன் ஒயர்மேல் விழுந்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முன்கண்ணாடி ஓரத் தூணை மூடியிருக்கும் பலகையைக் கழற்றி, ஒயரைச் சுற்றி ஃபோம் டேப் போட்டுப் பார்க்க வேண்டும்.