அரவிந்த் இலவச கண் ஆபரேஷன்: அப்பத்தா கண்ணில் வைத்த லென்ஸும் வெளிநாட்டு உதவியும்

அப்பத்தாவுக்கு ரெண்டு கண்ணிலும் புரை. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி கேம்ப் போட்டபோது பார்த்துவிட்டு, அப்படியே பஸ்ஸில் ஏற்றி மதுரை அண்ணா நகருக்குக் கூட்டிப் போனார்கள். ஆபரேஷன், லென்ஸ், சாப்பாடு, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாமே இலவசம். "சும்மா செய்றாய்ங்கன்னா சும்மாவா இருக்கும்?" என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கிளப்பிவிட்டதில் நானும் பின்னாலேயே போனேன். படுக்கப் பாய்தான், ஏசி எல்லாம் கேட்கக் கூடாது. ஆனால் பணம் கட்டுகிறவர்களுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள்தான் இந்தப் பக்கமும் மாறி மாறி வருகிறார்கள். கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டதும் அப்பத்தா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னது: "ஏய்யா, சட்டையில ஒரு பொத்தானக் காணோம், அதக்கூடப் பாக்காமயா வந்த?"

ஆஸ்பத்திரிக்கு என் மார்க் ஐந்துக்கு ஐந்து. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த லென்ஸுக்காக.

1976-ல் டாக்டர் வெங்கடசாமி, அரசு வேலையில் ரிட்டயர் ஆன பிறகு, 11 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி இது. அப்போதெல்லாம் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள், அது உடைந்தால் பழையபடி குருடுதான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வந்தபோது அதன் விலை நூறு டாலருக்கு மேல். கொஞ்ச காலம் அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்த லென்ஸை வைத்து ஓட்டினார்கள், ஆனால் அடுத்தவர் அனுப்பினால்தான் ஆபரேஷன் என்றால் எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? 1992-ல் சேவா ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பின் துணையோடு லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தையே மதுரைக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை, இப்போது சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சானில் இருக்கிறது. பத்து டாலர் அளவில் ஆரம்பித்த விலை போகப்போக இன்னும் இறங்கி, இன்றைக்கு நூறு நாடுகளுக்கு மேல் அங்கிருந்து லென்ஸ் போகிறது. வெளியார் உதவி ஆரம்பத்தில் கைகொடுத்தது, அன்றாடச் செலவைப் பணம் கட்டும் நோயாளிகளின் கட்டணம் பார்த்துக்கொள்கிறது.

இதற்கு நேர்மாறும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் ஒரு அமைப்பு குடிதண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வைத்துக் கொடுத்தது, பேர் வேண்டாம். கல்வெட்டு பளபளவென்று இன்னும் இருக்கிறது, மெஷினுக்குத்தான் ஃபில்டர் இல்லை, ஏனென்றால் அது அவர்கள் நாட்டுக் கம்பெனியிலிருந்துதான் வர வேண்டுமாம். கொடுக்கிற காசை எங்கள் கடையிலேயே செலவழி என்கிற இந்த வகை உதவியைக் குறைக்க வேண்டும், வாங்குகிற நாடுதான் வழியைத் தீர்மானிக்க வேண்டும் என்று உதவி கொடுக்கிற நாடுகளும் வாங்குகிற நாடுகளும் 2005-ல் பாரிசில் கூடி ஒரு பிரகடனமே போட்டார்கள். மதுரைக்காரர்கள் அதற்கு 13 வருஷம் முந்திக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஆஸ்பத்திரியோடு லைக்கோ என்று ஒரு பயிற்சி நிலையமும் உண்டு, அதுவும் 1992-தான், லயன்ஸ் சங்கத்து உதவியில் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் ஆஸ்பத்திரி நடத்துகிறவர்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். உலகத்துக்கு உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் காசோலையில் கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் அங்கே போய் உட்காரலாம்.

வீட்டில் பெரியவர்களைக் கேம்புக்கு அனுப்புகிறவர்கள் சுகர், பிரஷர் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொடுத்து விடுங்கள்.