பழைய புல்லட்டுக்கு ஏர் ஃபில்டர் வாங்கப் போய் 13,250 ரூபாய் இழந்தேன்: பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

இன்று மாலைதான் அந்தக் கடையிலிருந்து நான்காம் முறையாக வெறுங்கையோடு திரும்பி வந்தேன். கோபம் ஆறிவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் சட்டையைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன். கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. வடசென்னையில், பழைய இருசக்கர வண்டிகளுக்கு மட்டுமே உதிரிப் பாகம் வைத்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறிய கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அங்கே 3,850 ரூபாய்க்கு வாங்கிய ஏர் ஃபில்டரால், இன்ஜின் வேலையையும் சேர்த்து, எனக்கு ஆன நட்டம் 13,250 ரூபாய். பழைய வண்டிக்கு ஃபில்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

வண்டி 1986-ஆம் ஆண்டின் புல்லட், 346 சிசி. என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அப்பா வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. அவர் கை பட்ட பாகம் ஏதேனும் அதற்குள் இருக்கக்கூடும் என்பதால் எங்கள் வீட்டில் யாரும் அதை வெறும் வண்டியாகப் பார்ப்பதில்லை. நாங்கள் இருப்பது விம்கோ நகர். கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும், காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மாலைக்குள் படியும் கரித்தூசியும் இந்தப் பக்கத்தில் வசிப்பவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியவை அல்ல. ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகி, நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது அந்த இன்ஜின் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 400 லிட்டர் காற்றை உறிஞ்சும். அவ்வளவு காற்றிலும் உள்ள புழுதியைத் தடுத்து நிறுத்த ஃபில்டரைத் தவிர வேறு எதுவும் கிடையாது.

இரண்டு மாதங்களுக்கு முன், பழைய காகித ஃபில்டரின் மடிப்புகள் கறுத்து, அடித்தட்டு பசை விட்டுக் கழன்றிருந்ததால், அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஃபில்டரை இரு கைகளாலும் வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, சுண்டுவிரலால் மடிப்பு மடிப்பாக விலக்கிப் பார்த்தார். பிறகு வெளியே வந்து டேங்கைத் தடவிக் கொடுத்து, "அப்பா வண்டியா தம்பி? இதுக்குக் கண்டதையும் வாங்கி மாட்டாதீங்க" என்றார். அப்பாவின் வண்டி என்று நான் சொல்லவே இல்லை. அவராகவே கண்டுகொண்டார் என்பதிலேயே என் சந்தேகமெல்லாம் போய்விட்டது. உள்ளே போய் எண்ணெய்த் தாள் சுற்றிய ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்திலேயே தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய இருப்பு, இதுதான் கடைசி, ஃபில்டரும், அதிலிருந்து இன்ஜினுக்குக் காற்று போகும் ஹோஸும், கிளிப்பும் சேர்த்து 4,000 ரூபாய் என்றார். வெளியே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று கேட்டதற்கு, அவை எல்லாம் போலி என்றார். ஜிபே வேலை செய்யவில்லை, ரொக்கமாகக் கொடுத்தால் 150 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். எண்ணிக் கொடுத்தேன். கடைப் பையன் வாசலிலேயே மாட்டிக் கொடுத்தான். பழைய ஃபில்டரைத் திருப்பிக் கேட்டபோது, "அந்தக் குப்பை உங்களுக்கு எதுக்கு?" என்று மேசைக்கு அடியில் போட்டுவிட்டார். அளவை ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இருந்த ஒரே பொருள் அதோடு போயிற்று.

குறையை முதலில் கண்டுபிடித்தவர் அப்பாதான். வாசலில் உட்கார்ந்திருந்தவர், மறுநாள் காலையில் நான் வண்டியைக் கிளப்பியதுமே, "காத்து வேற எங்கியோ இழுக்குதுடா" என்றார். புதிய ஃபில்டர் என்பதால் சத்தம் மாறியிருக்கும் என்று அவருக்கே நான் விளக்கம் சொன்னேன். அதை நினைக்கும்போதுதான் மனம் அதிகம் வலிக்கிறது. 900 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, சைலன்சரில் நீலப் புகை வரத் தொடங்கியது, ஆயிலும் குறைந்தது. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஹோஸைக் கழற்றி உட்புறத்தை விரலால் வழித்தார். மாவு போலப் புழுதி ஒட்டிக்கொண்டு வந்தது. பிறகு ஃபில்டரின் விளிம்புக்கும், வண்டியில் அது உட்காரும் பெட்டியின் சுவருக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிக் காட்டினார். எங்கும் தட்டாமல் உள்ளே போயிற்று.

காகிதத்தில் குறை இல்லை. குறை முழுவதும் அளவில் இருந்தது. வேறு ஏதோ ஒரு மாடலின் ஃபில்டரைப் பழைய பெட்டியில் போட்டு விற்றிருக்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு சந்து திறந்து கிடந்தால் காற்று அதன் வழியாகத்தான் போகும், காகிதத்தின் நுண்துளைகளில் முட்டிக்கொண்டிருக்காது. சிலிண்டரைக் கழற்றியபோது, நகத்தால் தடவினால் இடறும் அளவுக்கு நெடுக்குக் கீறல்கள் விழுந்திருந்தன. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் போரிங் செய்த, அதாவது உட்சுவரைக் கடைந்து சீராக்கிய சிலிண்டர் அது. போரிங், பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆகும். ஃபில்டரின் 3,850 ரூபாயோடு சேர்த்தால் 13,250 ரூபாய்.

கடையில் நடந்ததைக் கேளுங்கள். முதல் முறை போனபோது, புதிய ஃபில்டர் ஓட ஓடத்தான் உட்காரும் என்றார்கள். இரண்டாம் முறை முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். உள்ளே அவர் குரல் கேட்டது. மூன்றாம் முறை, என் மெக்கானிக் தவறாக மாட்டிவிட்டார் என்றார்கள். மாட்டியது உங்கள் பையன்தானே என்று நான் கேட்டதும், அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். வாட்ஸ்அப்பில் கீறல்களைப் படம் எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறி விழுந்தது, பதில் வரவில்லை. இன்று முதலாளியே எதிரில் நின்று, மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு, "பில் இருக்கா?" என்று கேட்டார். அவர் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'ஃபில்டர் செட் 1' என்பதைத் தவிர, கடையின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ இல்லை. 13,250 ரூபாய் என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை பேசப்போகிறேன். சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பொருள் வாங்கியதற்கான ஆதாரம் வேண்டும், அதைத்தான் நான் கோட்டைவிட்டேன்.

விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன், இப்போது முடியவில்லை. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். பழைய ஃபில்டரை எக்காரணம் கொண்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்; புதியதை அதன் பக்கத்தில் வைத்து உயரம், விட்டம், நடுத்துளை மூன்றையும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். விளிம்பு ரப்பர் விரலால் அழுத்தினால் அமுங்கவேண்டும். மாட்டும்போது விளிம்பில் மெல்லிய கிரீஸ் தடவி, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் ஹோஸின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி அழுக்கானால் வண்டியை எடுக்காதீர்கள். கூம்பு வடிவ ஃபில்டரை யாராவது சிபாரிசு செய்தால், கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றாமல் மாட்டவேண்டாம். காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, இன்ஜின் சூடாகும். பில் இல்லாமல் ரொக்கம் கொடுக்காதீர்கள்.

காலை ஒன்பது மணிக்குச் சிலிண்டரை எடுத்துக்கொண்டு போரிங் பட்டறைக்குப் போகவேண்டும். அப்பாவும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.