ரெட்டினோஸ்கோப் பயிற்சிக்கான மாதிரிக் கண்: வாங்கலாமா?

ஒப்டோமெட்ரி (பார்வை அளவியல்) மாணவர்களைச் செய்முறைப் பரீட்சையில் அதிகம் தடுமாற வைப்பது, கண்ணாடிக்கான அளவைக் கண்டறியும் ரெட்டினோஸ்கோப் கருவிதான் என்பது என் கணிப்பு. கண்ணுக்குள் ஒளிக்கீற்றைச் செலுத்தி, விழித்திரையிலிருந்து திரும்பும் செவ்வொளி கீற்றோடு சேர்ந்து நகர்ந்தால் குவிவு வில்லையையும், எதிராக நகர்ந்தால் குழிவு வில்லையையும் கூட்டிக்கொண்டே போய், அசைவு நின்று கண்மணி முழுவதும் ஒளி நிரம்பும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பாடக்குறிப்பில் இது ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். கை பழகத்தான் மாதக்கணக்காகும். ஆய்வுகூடம் கொழும்பிலும் வீடு ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்திலும் இருப்பதால், விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகாதிருக்கக் கண்டியில் ஒரு கடையில் சொல்லிவைத்து இந்த மாதிரிக் கண்ணை வாங்கினேன்.

அமைப்பு எளிமையானது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள், முன்னால் ஒரு வில்லை, பின்னால் விழித்திரையின் படம், முகப்பில் சோதனை வில்லைகளைச் செருகும் பள்ளங்கள். குழாயை வெளியே இழுத்தால் கண் நீண்டு குறும்பார்வையாகும். உள்ளே தள்ளினால் நீள்பார்வையாகும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் 10க்கு 12 அடி அறையில் 6 மீட்டர் எழுத்துப் பலகையை மாட்ட வழியில்லை. இதற்கோ ரெட்டினோஸ்கோப்புக்கும் மாதிரிக் கண்ணுக்கும் இடையே 67 சென்ரிமீட்டர் இடைவெளி போதும். ஜன்னலை மறைத்து அறையை இருட்டாக்கிவிட்டால் வேலை தொடங்கலாம்.

அந்த இடைவெளியில்தான் ஆரம்ப மாணவர் அனைவரும் வழுக்குகிறார்கள். 67 சென்ரிமீட்டரில் பார்த்தால், அந்தக் கிட்டத் தூரத்துக்காக இறுதி அளவிலிருந்து 1.50 டயொப்டர் (வில்லையின் சக்தியை அளக்கும் அலகு) கழிக்க வேண்டும். 50இல் பார்த்தால் 2.00. ஒளி மங்கலாகத் தெரிகிறதே என்று நம்மையறியாமல் முன்னோக்கிச் சாய்ந்து, பழைய 1.50ஐயே கழித்தால், விடையில் அரை டயொப்டர் பிழை வந்துவிடும். மாதிரிக் கண்ணின் தாங்கியில் 67 சென்ரிமீட்டர் நூல் ஒன்றைக் கட்டி, மறுமுனையை ரெட்டினோஸ்கோப்போடு சேர்த்துப் பிடித்துப் பழகினால் இந்தச் சாய்வு குறைகிறது.

பெரிய குறை, குழாயில் அச்சிட்ட அளவுகோல். எனக்குக் கிடைத்ததில் பூச்சியத்தில் வைத்துப் பார்த்தபோது +1.50இல் நிற்க வேண்டிய அசைவு +2.00இல்தான் நின்றது, கடையில் கேட்டதற்கு எல்லாமே இப்படித்தான் வரும் என்றார்கள். அச்சிட்ட அளவை நம்பாமல், +1.50 வில்லையைச் செருகி அசைவு நிற்கும் வரை குழாயை நகர்த்தி, அந்த இடத்தில் மெல்லிய பேனாவால் சொந்தக் கோடு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அதன் பிறகு அளவுகோலே தேவையில்லை. தங்கை பின் பள்ளத்தில் ஏதாவதொரு வில்லையை எனக்குக் காட்டாமல் செருகிவிடுவாள், அவள் –2.00 வைத்திருந்தால் நான் +2.00 என்று விடை சொல்ல வேண்டும். குழாய் தனியாக அஸ்டிக்மாட்டிசத்தை (திசைக்குத் திசை கண்ணின் சக்தி மாறும் குறையை) காட்டாது என்பதால், அதை உண்டாக்கும் உருளை வில்லையையும் இப்படித்தான் ஒளித்துவைத்து, அதன் அச்சுக் கோணத்தைத் தேட வேண்டியிருக்கிறது. வில்லைகள் பெட்டியோடு வருவதில்லை. தனியே தேடிக்கொள்ள வேண்டும்.

உயிருள்ள கண்ணுக்கு இது ஈடாகாது. மாதிரிக் கண்ணின் கண்மணி வெளிச்சத்தில் சுருங்குவதில்லை, பார்வை அலைவதில்லை. பிள்ளைகளோ தூரத்துப் பலகையை விட்டு நம் விளக்கையே பார்ப்பார்கள். உடனே கண் கிட்டப்பார்ப்பதற்குக் குவிந்து, எடுத்த அளவெல்லாம் மாறிப்போகும். கண்புரை உள்ள முதியவரின் மங்கிய ஒளியையும் இதில் காண முடியாது. எனவே முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன். நோயாளரைப் பார்க்கத் தொடங்கிவிட்டவர்கள் அந்தப் பணத்தை நல்ல வில்லைகளுக்குச் செலவிடலாம்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மழைக்காலத்து ஈரத்தில் வில்லை விளிம்பிலிருந்து வெள்ளை இழைகளாகப் பூஞ்சணம் படரும். கூடவரும் அட்டைப்பெட்டி ஈரத்தை இழுப்பதால், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பதே பாதுகாப்பு. வாங்கும்போது பள்ளத்தில் ஒரு வில்லையைச் செருகிக் கருவியைச் சாய்த்துப் பாருங்கள். பிடிப்பு தளர்ந்து வில்லை நழுவினால் கடையிலேயே மாற்றிக் கேளுங்கள்.