ஹொட்டேல் வேலைக்குப் படம் எடுக்கப் போகும் பிள்ளைகள் கவனம்

யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஸ்ரூடியோவில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் வேலை தேடி அலையும் இன்னொரு பிள்ளையின் காசு இப்படிப் போகக் கூடாது.

இங்குள்ள ஒரு ஹொட்டேலில் வரவேற்பு மேசைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். முகப்படம் ஒன்று, முழு உருவப் படம் ஒன்று; வெளிர் பின்னணி, நேர் பார்வை, சிரித்த முகம். எல்லாம் விளம்பரத்திலேயே இருந்தது. சேலை கட்டி, கொண்டை போட்டுக்கொண்டு போனேன்.

ஸ்ரூடியோ அண்ணா விளம்பரத்தை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தங்கச்சி, பாஸ்போட் படம் மாதிரி அனுப்பினா ஆரும் திரும்பியும் பாக்கமாட்டினம். ஹொட்டேல் எண்டா ஒரு ஸ்டைல் வேணும்" என்றார். அதில் பாதி சரிதான். பாஸ்போட் படத்தில் வாயை மூடி, சிரிக்காமல் இருக்க வேண்டும். விருந்தினரை வரவேற்கிற வேலைக்கு அந்த முகம் பொருந்தாது. அதற்காக அவர் செய்ததுதான் அநியாயம். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார். கறுப்புத் திரை, ஒரு பக்கம் மட்டும் லைட், பாதி திருப்பிய முகம், கன்னத்தில் கை. பக்கேஜ் 4500 ரூபா, முற்பணம் 3000. தொழில் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பி இருந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் படம் வந்தது. சேலையைக் காணவில்லை, கறுப்புக் கோட் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கொலருக்கும் கழுத்துக்கும் நடுவே வெட்டிய இடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. சின்ன வயதில் விழுந்து புருவத்தில் வந்த தழும்பையும் அழித்துவிட்டார்கள். முகம் பால் வெள்ளை. கன்னத்தில் வைத்த கை மட்டும் என் நிறம். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டா.

திருத்தாத படத்தைத் தாங்கோ என்றேன். அதற்கு இன்னும் 2000 வேண்டுமாம். முழு உருவப் படமோ பக்கேஜில் சேராதாம். மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு, வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன ஒரு படத்தைத்தான் அனுப்பினார். அன்றுதான் விண்ணப்ப முடிவு நாள். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன்.

நேர்முகத்தில் மேடம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. "பிள்ளை, இது நீங்கள்தானா?" என்று கேட்டுவிட்டு, கட்டிலிருந்து இன்னொரு விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தா. வேறொரு பிள்ளை. அதே கோட், அதே கொலர் மடிப்பு. "கவுண்டரில நிக்கப்போற ஆளைப் பாக்கத்தானே படம் கேக்கிறம்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வேலை கிடைக்கவில்லை. படத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டிய நேரம் அந்தப் படத்துக்கு விளக்கம் சொல்வதிலேயே போனது.

அடுத்த ஹொட்டேலுக்கு மச்சாள் தன் போனில் எடுத்துத் தந்தாள். காலை வெளிச்சம், விறாந்தையின் வெள்ளைச் சுவர், அதே சேலை, அதே கொண்டை. தழும்பும் தெரிகிறது. அதையே அனுப்பியிருக்கிறேன்.

ஸ்ரூடியோவுக்குத்தான் போக வேண்டுமென்றால் விளம்பரத்தைக் காட்டி, அதன்படி எடுக்கச் சொல்லுங்கள். நிறத்தில் கை வைக்க வேண்டாம், உடுப்பு மாற்ற வேண்டாம், முழு அளவு ஃபைல் தர வேண்டும் என்று காசு கொடுக்கும் முன்பே பேசுங்கள். அப்புறம் பில். எனக்குக் கிடைத்தது கடைப் பெயரோ திகதியோ இல்லாத ஒரு துண்டுக் கடதாசி. கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம்.