வியாழனின் நிலவுகளுக்கு 70 மி.மீ. லென்ஸா, 6 அங்குல டாப்சோனியனா?

முதலாவது லென்ஸ் வைத்த தொலைநோக்கி; இரண்டாவது பலகைப் பெட்டியில் உட்காரும், ஆடி வைத்த தொலைநோக்கி. நிலவுகள் தெரியுமா என்பது மட்டும்தான் கேள்வி என்றால் சின்னதே போதும். 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனருகே புள்ளிகளைக் கண்டது சுமார் 20 மடங்கு உருப்பெருக்கத்தில். இன்று கிடைக்கும் சாதாரண 70 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி) அதைவிட எவ்வளவோ மேல். 700 மி.மீ. குவியத்தூரக் குழாயில் கண்ணருகே வைக்கும் லென்ஸான ஐபீஸில் 25 மி.மீ. போட்டால் 28 மடங்கு. நான்கு நிலவுகளும் ஒரே கோட்டில் நிற்கும். அவற்றில் ஒன்றான அயோ 42½ மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவதால், எட்டு மணிக்குப் பார்த்துவிட்டுப் பதினொரு மணிக்கு மறுபடி பார்த்தாலே இடம் மாறியிருக்கும். சனியின் வளையமும் அதன் நிலவு டைட்டனும் இதிலேயே கிடைத்துவிடும்.

அப்புறம் எதற்கு 6 அங்குலம் (150 மி.மீ.)? நிழலுக்காக. அயோ வியாழனுக்கு முன்னால் கடக்கும்போது அதன் நிழல் மேகத்தின் மேல் கடுகு வைத்தது போல விழும். 150 மி.மீ. ஆடியில் 120 மடங்கு வைத்தால் அந்தக் கடுகு நகர்ந்து போவதை உட்கார்ந்து பார்க்கலாம். 70 மி.மீ.இல் காற்று அடங்கிய இரவில்கூட ‘நிஜமாகத் தெரிகிறதா, நானே நினைத்துக்கொள்கிறேனா’ என்ற சந்தேகம்தான். பெரிய ஆடி நாலரை மடங்கு ஒளியைச் சேர்க்கிறது, இரண்டு மடங்கு நுணுக்கம் காட்டுகிறது. சனிப் பக்கம் திருப்பினால் அதன் நிலவுகளில் ரியாவும், நல்ல இருட்டில் டெதிஸ், டயோனியும் சேரும். செவ்வாயின் நிலவுகளை இரண்டிலுமே மறந்துவிடுங்கள்.

ரிஃப்ராக்டரில் வியாழனைச் சுற்றி லேசாக ஊதா நிறம் கசியும். டாப்சோனியனில் அது இல்லை; பதிலுக்கு அவ்வப்போது ஆடிகளை நேர்ப்படுத்தும் வேலை உண்டு.

நான் முதலில் வாங்கியது 60 மி.மீ. பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்திருந்தது. விட்டத்தின் மி.மீ. ஒன்றுக்கு 2 மடங்கு, அதாவது 120தான் அதற்கு எல்லை. அதைவிட மோசம் முக்காலி: ஃபோகஸ் திருகைத் தொட்டால் சனி ஐந்து விநாடி ஆடும். டாப்சோனியன் பலகைப் பெட்டியில் கனமாக உட்கார்ந்திருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. டாப்சோனியனைப் பரப்பிய ஜான் டாப்சன் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தவர். கையில் காசில்லாமல் கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தவர். அந்தச் சிக்கனம் வடிவத்தில் இன்றும் தெரிகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. 120 மடங்கில் வியாழன் இரண்டு நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊரில் அது உச்சிக்கு அருகே ஏறிவிட்டால் டாப்சோனியனைத் திருப்புவது பெரிய இம்சை. வெயிலில் காய்ந்த மொட்டை மாடித் தளம் ராத்திரி வெகுநேரம் அனல் விடும். பெரிய ஆடிதான் அதில் அதிகம் அவதிப்படும். விடியலுக்கு முன் பார்ப்பது உத்தமம்.

பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு லென்ஸும் ஆடியும் சேர்ந்த 127 மி.மீ. மக்சுடோவ் தொலைநோக்கி உண்டு. குட்டைக் குழாய், கூர்மையான படம், ஆனால் வெளிக்காற்றின் சூட்டுக்குப் பழக நேரம் எடுக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது 70-ம் 150-ம் இருக்கின்றன. டாப்சோனியன் சுமார் 15 கிலோ. நிழல் விழும் இரவு என்றால் பெட்டிக்கு ஒரு நடை, குழாய்க்கு ஒரு நடை என்று மாடி ஏறுவேன். மற்ற நாட்களில் சின்னதுதான்.